முட்டுக்கட்டை

கோயம்புத்தூரில் நான் வழக்கமாகப் போகிற சைக்கிள் கடையில், கார்பன் ரிம்முக்கு என்று இரண்டு வகை பிரேக் பேட் எடுத்துப் போட்டார்கள். ஒன்று வழவழப்பானது, ரிம்மை அதிகம் அரிக்காதது, சத்தம் போடாதது. இன்னொன்றில் சொரசொரப்பு கொஞ்சம் கூடுதல், ஈரத்தில் பிடிப்பதற்கென்றே செய்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எது நல்லது என்று கேட்டேன். கடையில் வேலை பார்க்கிற தம்பி நேராகப் பதில் சொல்லவில்லை.

"மழைல எறக்கத்துல ஓட்டுவீங்ளாண்ணா? அத மொதல்ல சொல்லுங்க."

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா இந்த வழவழ போதுங்க. ரிம்மு ரொம்ப நாளைக்கு வரும். இல்ல, ஈரத்துல கப்புன்னு நிக்கணும்னா இது. ஆனா பேட்டும் சீக்கிரம் போயிரும், ரிம்மும் கொஞ்சம் தேயும். அது உங்க இஷ்டமுங்க."

சொல்லிவிட்டு அவர் வேறொருவரின் செயினைப் பார்க்கப் போய்விட்டார். இந்தக் கட்டுரை அவருடைய கடைசி வாக்கியத்தைப் பற்றியது. அது என் இஷ்டம்தானா?

சைக்கிள் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் இயந்திரப் பாடம். நம் ஊர்ப் பழைய சைக்கிளில் பிரேக் கட்டை என்பது ஒரு ரப்பர் துண்டு. எஃகு ரிம்மை உரசி நிறுத்தும். மழை பெய்தால் அது வெறும் அலங்காரம். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பழகியவர்கள் எங்கள் அப்பாக்கள். பிறகு அலுமினிய ரிம் வந்தது, பிரேக் பிடித்தால் நின்றது. அதற்கும் பிறகு, பந்தய சைக்கிள்காரர்களின் எடை வெறியாலும் காற்றைக் கிழிக்கும் ஆசையாலும், கார்பன் இழையில் ரிம் செய்தார்கள். ஆழமான, கறுத்த, தட்டினால் டப்பென்று ஒலிக்கிற சக்கரம். ஒரு ஜோடி லட்ச ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பார்க்க அழகு, சமவெளியில் 35க்கு மேல் போகும்போது கேட்கிற அந்த ‘வூம்’ சத்தம் அதைவிட அழகு. இதையெல்லாம் மறைத்துவிட்டு அறம் பேச எனக்கு விருப்பமில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

இனி வெப்பம். நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் இறங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 784 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பத்துப் பேருக்குக் காபி போடலாம். இதில் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் சுண்டுவிரல் அளவுள்ள நான்கு பேட்டுகளுக்கும் அவை தொடுகிற இரண்டு ரிம்முக்கும் நடுவில்.

பேட்டை மாற்றினால் இந்த மொத்தம் மாறாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேட் மாற்றக்கூடியது பங்கீட்டைத்தான். உரசலில் பிறக்கும் சூட்டில் எவ்வளவைத் தான் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை ரிம்மின் பக்கம் தள்ளுகிறது என்பதை. அலுமினியத்துக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. அது வெப்பத்தை உடனே ஊரெல்லாம் சொல்லிவிடும். தொட்ட இடத்திலிருந்து ரிம் முழுக்கப் பரவி, காற்றில் கலந்து, அடுத்த வளைவுக்குள் பாதி ஆறியிருக்கும். கார்பன் வாய் திறக்காது. கார்பன் அடுக்கின் குறுக்காக வெப்பம் கடப்பது, அலுமினியத்தில் கடப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. வாங்கிய சூட்டை வாங்கிய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். கார்பன் இழைக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் ஒன்று இருக்கிறதே, அதுதான் இளகும். சாதாரண வகைப் பிசின்கள் 120லிருந்து 150 டிகிரி செல்சியஸுக்குள் தளர ஆரம்பித்துவிடும், உயர்ரகங்கள் 200ஐத் தாண்டியும் நிற்கும். தளரும் நேரத்தில் டயருக்குள் 100 பிஎஸ்ஐ காற்று சும்மா இருக்குமா? ரிம்மின் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். சுவர் புடைத்துவிட்டால் அந்தச் சக்கரம் குப்பைக்குத்தான். கார்பன் ரிம்மில் லேடெக்ஸ் டியூப் போடாதீர்கள் என்று பல சக்கர நிறுவனங்கள் எச்சரிப்பதும் இந்தச் சூட்டினால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு முரண் உண்டு. பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குபவரின் சக்கரம்தான் முதலில் வேகும். 7 சதவீதச் சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இறங்கினால், என் கணக்குப்படி பிரேக்குகள் சுமார் 300 வாட் விழுங்க வேண்டும். அதே சரிவில் 50இல் போனால் அதில் பாதிதான். மீதியைக் காற்று தடுத்துக்கொள்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு இறக்கம் முடிய நேரமும் அதிகம் ஆகும், வேகிற நேரமும் அதிகம். அதனால்தான் தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடிக்கிறார்கள். எச்சரிக்கையாக இருக்கிறோம் என்ற உணர்வும் எச்சரிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இந்தக் கணக்கில்தான் பார்த்தேன்.

சரி, பேட். கார்பனுக்கு என்று தனியாகச் செய்த கலவைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கார்க்கூடப் போட்டார்கள். மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டது. பெரும்பாலான சக்கர நிறுவனங்கள், எங்கள் பேட்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் வாரண்டி கிடையாது என்கின்றன. அது வியாபாரம் மட்டும் இல்லை, அவர்கள் பிசினைச் சோதித்தது அந்தப் பேட்டை வைத்துத்தான். மதிப்பீடுகளைப் படித்தால் எல்லாரும் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள்: சத்தம் போடுகிறதா, ரிம் எவ்வளவு சூடாகிறது, பேட் எத்தனை நாள் வரும். இதோடு கட்டாயம் ஒரு எச்சரிக்கை இருக்கும். அலுமினிய ரிம்மில் ஓட்டிய பேட்டைக் கார்பனில் போடாதே. அலுமினியத் துகள்கள் பேட்டுக்குள் புதைந்திருக்கும், கார்பனை உழுதுவிடும்.

கவனித்துப் பாருங்கள், இந்தக் கேள்விகள் எல்லாமே என் பக்கத்துக் கேள்விகள். சத்தம் என் காதுக்கு, சூடு என் சக்கரத்துக்கு, ஆயுள் என் பணப்பைக்கு. ஈரத்தில் எப்படி நிற்கும் என்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில், ‘சுமார்’ என்ற ஒரே சொல்லில் வரும். பொதுவாகக் கார்பன் ரிம் ஈரத்தில் சுமார்தான். ரிம்மின் மேல் நீர்ப்படலம் இருக்கிறது, பேட் முதலில் அதைத் துடைக்க வேண்டும். துடைத்து முடிக்கிறவரை பிரேக் பிடித்தும் எதுவும் நடக்காது. ஓட்டியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். லீவர் கைக்குள் வந்துவிட்டது, சைக்கிளுக்கு அது எட்டவில்லை. பிறகு திடீரென்று பிடிக்கும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 11 மீட்டர். சக்கரம் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். ஏறத்தாழ நம் அரசுப் பேருந்து ஒன்றின் நீளம். ஒரு பேட்டுக்கும் இன்னொரு பேட்டுக்கும் ஈரத்தில் உள்ள வித்தியாசம் ஒரு நொடி முழுதாக இருக்காது, பாதியோ அதற்கும் குறைவோ இருக்கலாம். கால் நொடி என்றே வையுங்கள். இரண்டே முக்கால் மீட்டர்.

அந்த இரண்டே முக்கால் மீட்டரில் யார் இருக்கிறார்கள்? மலைச்சாலை ஆளில்லாத ஓடுதளம் இல்லை. வளைவு திரும்பினால் தலையில் விறகோடு ஒரு அம்மா ஓரமாக நடந்து வருவார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே வரிசையில் சாலையை அடைத்துக்கொண்டு போவார்கள். குரங்கு, நாய், கன்றுக்குட்டி. மழை பெய்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பார்கள், சத்தம் கேட்காது. கார்பன் சக்கரம் எந்த மணியும் அடிக்காது. அந்த ‘வூம்’ மழையில் கரைந்துவிடும்.

வேகம் எனக்கு. பிரேக் என் உயிருக்கும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் என் உயிரை நான் பணயம் வைக்கலாமா என்பது ஒரு கேள்வி, விறகு சுமந்து வருகிறவரின் முட்டியை வைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ‘அது உங்க இஷ்டமுங்க’ சரியான பதிலாக இருக்கக்கூடும்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதியும் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதியும் ஒரே கருத்தரங்குக்காக ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பு ‘மாரல் லக்’. அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை என்பது விவாதம். வில்லியம்ஸின் லாரி ஓட்டுநரின் மேல் எந்தத் தவறும் இல்லை, இருந்தும் ஒரு குழந்தை அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வருகிற வருத்தம் வேறு, ஓட்டுநருக்கு வருகிற வருத்தம் வேறு என்றார் வில்லியம்ஸ். நேகல் அதே ஓட்டுநரைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அந்த ஆள் சமீபத்தில் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சின்ன அசட்டை. குழந்தை குறுக்கே வந்தால் அவர் ஒரு சாவுக்குப் பொறுப்பாளி. வராவிட்டால், வண்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத சாதாரண மனிதர். அசட்டை இரண்டிலும் ஒன்றுதான். குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அப்படியென்றால் பழியின் அளவைத் தீர்மானிப்பது எது?

தத்துவ வகுப்புகளில் இந்த உதாரணத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதில் இருக்கும் ‘அசட்டை’ என்ற வசதி. நேகலின் ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அதனால் அவரைக் குற்றம் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. என் விஷயத்தில் அந்தப் பிடி இல்லை. இரண்டு பேட்டும் நல்ல பேட். கடையில் விற்கிறது, கார்பனுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. சைக்கிள் பிரேக்குகளை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 4210 என்ற உலகத் தரநிலை இருக்கிறது, அந்தக் கோட்டைத் தாண்டிய இரண்டு பொருள்களில் எது வேண்டுமானாலும் வாங்கலாம். நான் வழவழப்பானதை எடுத்தால் யாரும் என்னை அசட்டையானவன் என்று சொல்ல மாட்டார்கள். சக்கரத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் சொல்வார்கள். தவறு என்று எதுவும் நடக்காமலேயே, என் ரிம்மின் ஆயுளில் ஒரு வருடமும் முன்பின் தெரியாத ஒருவரின் இரண்டே முக்கால் மீட்டரும் கைமாறிவிடுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் கை தானாக ஒரு அட்டவணையைத் திறக்கும். மழையில் இறங்குகிற நாட்கள் வருடத்துக்கு இத்தனை, வளைவில் ஆள் இருக்க வாய்ப்பு இத்தனை, அந்தக் கால் நொடி மட்டுமே வித்தியாசம் உண்டாக்கும் தருணத்துக்கு வாய்ப்பு இத்தனை. எல்லாவற்றையும் பெருக்கினால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள். இன்னொரு பத்தியில் ரிம்மின் தேய்மானம், ரூபாயில். பூஜ்யம் தோற்கும், ரூபாய் ஜெயிக்கும். கணக்கில் பிழையே இல்லை. இந்தக் கணக்கு என்னை ஏன் நம்பவைக்கவில்லை என்று கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உலகம் முழுக்க இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்று யாராவது சொல்லலாம், சொன்னால் சரிதான். பேருந்தை எல்லா இடத்திலும் 20 கிலோமீட்டரில் ஓட்டினால் பல உயிர்கள் மிஞ்சும். யாரும் அப்படி ஓட்டச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேருந்தில் விறகு சுமந்த அம்மாவும் சந்தைக்குப் போகிறார். அது வேகமாகப் போவதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பேருந்து தரும் ஆபத்தும் பேருந்து தரும் பயனும் ஏறக்குறைய ஒரே ஊருக்குள் சுற்றிவருகின்றன. தடம் நிறுத்தப்பட்டால் அந்த ஊர் சாலையில் உட்காரும். என் கார்பன் சக்கரத்தில் அவருக்கு என்ன பங்கு? நான் நாற்பது நிமிடத்தில் கீழே இறங்கினால் என்ன, ஒரு மணி நேரத்தில் இறங்கினால் என்ன? பயன் முழுவதும் ஒரு பக்கம், ஆபத்தில் ஒரு துண்டு மறுபக்கம். அட்டவணையில் அவருடைய முட்டியையும் என்னுடைய ரூபாயையும் அடுத்தடுத்த கட்டத்தில் போட்டது யார்? நான்தான். அவரைக் கேட்டேனா? கேட்க வழியில்லை. கேட்க வழியில்லாத ஒருவரின் பொருளை எடுத்துச் செலவழிக்கும்போது குறைந்தபட்சம் அது சின்னச் செலவுதான் என்ற வாதத்தையாவது நான் எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சின்னதா பெரியதா என்று சொல்லும் உரிமை பொருளின் சொந்தக்காரருக்கு.

(காரும் லாரியும் தினம் ஆளைக் கொல்கிற நாட்டில் சைக்கிள்காரனுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான். ஆனால் அவர்களின் பிரேக் பேட்டை நான் தேர்வு செய்வதில்லை.)

தேர் ஏறிக் கன்று செத்த கதை நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லப்பட்டுவிட்டது. திருவாரூர். இளவரசன் வீதிவிடங்கன் தேரில் போகிறான், துள்ளி வந்த கன்று சக்கரத்தில் மாட்டுகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகன் மேல் தேரை ஏற்றுகிறான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. திருவாரூரில் கல்லிலேயே தேரும் கன்றும் இருக்கின்றன. பெரியபுராணத்தில் அமைச்சர்கள், இதற்குக் கழுவாய் உண்டு, செய்துவிடலாம் என்கிறார்கள். அரசன் கேட்கவில்லை. நேகல் இந்தக் கதையைப் படித்திருந்தால் என்ன சொல்வார் என்று அடிக்கடி நினைப்பேன். கன்று இரண்டு முழம் தள்ளித் துள்ளியிருந்தால் மணி அடித்திருக்காது, இளவரசன் வீடு திரும்பிச் சாப்பிட்டிருப்பான், நமக்கு ஒரு கதையும் கிடைத்திருக்காது. அவன் தேர் ஓட்டிய விதம் இரண்டிலும் ஒன்றேதான். இந்தக் கதை அதிர்ஷ்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. நடந்ததுதான் எல்லாம். அந்தக் கடுமைதான் அதன் கம்பீரம்.

ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு இன்னொன்று தோன்றும். அந்தச் சபையில் யாருமே தேரை எப்படி நிறுத்துவது என்று கேட்கவில்லை. தண்டனையைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள், ஒரு அமைச்சர் உயிரையே விடுகிறார், நாளைக்கு இன்னொரு கன்று துள்ளினால் தேர் நிற்குமா என்ற பேச்சே இல்லை. மணி கன்று செத்த பிறகு அடிப்பதற்காகக் கட்டியது. அதற்கு முன்னால் அடிக்க எந்த மணியும் இல்லை.

அதே திருவாரூரில் ஆழித்தேர் ஓடுகிறது. சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். அதைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுவார்கள். சக்கரத்தின் ஓரமாகவே ஓடி, சரியான நொடியில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகி, கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தேர் பார்க்கப் போகிறவர்கள் வடத்தைப் பார்ப்பார்கள், கலசத்தைப் பார்ப்பார்கள். கட்டை போடுகிறவரைப் பார்ப்பவர்கள் குறைவு. இப்போது ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது. கன்று செத்த ஊரில், காலம் கடந்தாவது, யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பேச்சில் ‘முட்டுக்கட்டை’ வசவுச் சொல். நல்லது நடக்கும்போது முட்டுக்கட்டை போடுகிறான் என்போம். தேரை இழுப்பவன் பக்தன், நிறுத்துகிறவன் இடைஞ்சல். சைக்கிளிலும் இதேதான். சக்கரத்துக்கு ஒரு லட்சம் கொடுப்பவர் பேட்டுக்கு மூவாயிரம் கொடுக்கும்போது முனகுவார். என் வேலையிலும் இதுதான் நிலைமை. ஒரு வசதியைச் சேர்த்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ஏதாவது தப்பாகப் போனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் வழியை எழுதியவரின் பெயர், அந்த இரவு வருகிறவரை யாருக்கும் தெரியாது.

இவ்வளவு யோசிக்கிறவன் ஏன் கார்பன் சக்கரத்தையே தூக்கிப் போடவில்லை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி, இந்தக் கட்டுரையில் மிகக் கடினமானதும் அதுதான். அலுமினியம் போட்டால் ஈரத்தில் இன்னும் நன்றாக நிற்கும். டிஸ்க் பிரேக் போட்டால் அதையும்விட. டிஸ்க்கில் உரசுவதற்குத் தனித் தகடு, சுமப்பதற்குத் தனி ரிம். மென்பொருளில் இதைத்தான் ‘பொறுப்பைப் பிரி’ என்று சொல்லித் தருவோம். சுமக்கிற பொருளையே தேய்க்கவும் செய்வது அடிப்படையிலேயே மோசமான வடிவமைப்பு, அதிலும் சூட்டை விடாத கார்பனில் செய்வது வீம்பு. பந்தய உலகமே அதை ஒத்துக்கொள்ள நாளானது. உலக சைக்கிள் அமைப்பான யூ.சி.ஐ. டிஸ்க் பிரேக்கைச் சோதனையாக அனுமதித்திருந்தபோது, 2016 ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஸ்பெயின் வீரர் ஃப்ரான்சிஸ்கோ வென்டோசோவின் கால் ஆழமாக வெட்டுப்பட்டது. டிஸ்க் தகடுதான் வெட்டியது என்று அவர் சொன்னார், அப்படி இருக்காது என்று மறுத்தவர்களும் உண்டு. சோதனையை நிறுத்திவைத்தார்கள். சாலைப் பந்தயங்களில் முறையான அனுமதி 2018 ஜூலையில்தான் வந்தது. அந்தச் சண்டையில் எனக்குச் சுவாரஸ்யமான விஷயம், பிரேக் என்பது அடுத்தவனின் உடம்பு சம்பந்தப்பட்ட பொருள் என்று அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள் என்பது. என்னை நிறுத்துகிற பிரேக் உன்னை வெட்டலாமா என்று.

எல்லாரும் டிஸ்க்குக்கு மாறியதால் ரிம் பிரேக் கார்பன் சக்கரங்கள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன, விலை இறங்கியது, என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது. டிஸ்க் வேண்டுமென்றால் ஃப்ரேமே மாற்ற வேண்டும். ஆக, தூய்மையான பதில் என்னிடம் இல்லை. தூய்மையைத் தேடிப் போனால் அலுமினியத்திலும் நிற்க முடியாது. மலையிலேயே இறங்காதே, வீட்டிலேயே இரு என்றுதான் அது போய் முடியும். நான் அங்கே போகத் தயாராக இல்லை. மலையில் இறங்குகிறேன், ஒரு ஆபத்தைச் சாலையில் கொண்டுபோய் வைக்கிறேன். அதில் என்னால் குறைக்க முடிகிற பகுதியின் செலவு என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற அளவில் நிற்கிறேன். இது பாதிவழி நேர்மை என்று யாராவது சொன்னால் பெரிதாக மறுக்க மாட்டேன்.

மறுத்துச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. வளைவில் எடுக்கிற முடிவு என்னுடையது இல்லை. அது விரல்களுடையது, பயத்துடையது, தார்மேல் ஓடும் தண்ணீருடையது. அந்த நேரத்தில் நான் எவ்வளவு நல்லவன் என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. வீட்டில், மேசை மேல், 2 மி.மீ. ஆலன் கீயோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் எனக்கு முழுச் சுதந்திரம். நேகலின் ஓட்டுநர் பழியோடு இருந்த நேரம் குழந்தை ஓடிவந்த நொடி என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டறைப் பக்கமாக வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விட்ட ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அதுதான்.

அதனால் சொரசொரப்பானதை வாங்கினேன். மழைக்காலத்தில் அலுமினியச் சக்கரம். அதற்கு வேறு பேட். மாற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். நான்கு திருகாணி, பழைய பேட்டை உருவி, புதியதைச் செருகி, ரிம் அகலம் வேறு என்பதால் கேபிளை மறுபடி இழுத்துக் கட்டி, பேட்டின் முன்முனை ரிம்மைக் கொஞ்சம் முந்தித் தொடுகிற மாதிரி சாய்த்துவைத்து. ஞாயிறு காலை நாலரை மணிக்கு, நண்பர்கள் வாசலில் நிற்கும்போது, வானம் மூடியிருக்கிறதா இல்லையா என்று தீர்மானமாகத் தெரியாதபோது, இந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிடத்தான் மனசு சொல்லும். அதனால் முந்தின இரவே மாற்றிவிடுவது. வானிலை சந்தேகமாக இருந்தால் அலுமினியம். காலையில் பளிச்சென்று வெயில் அடித்தால் நண்பர்களின் கிண்டல். "என்னடா, கல்யாணத்துக்குப் பழைய சட்டையோட வந்துட்ட?"

கார்பன் ரிம்மின் பக்கச் சுவரில் எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் மயிரிழையாக வெளிச்சம் தெரிகிறது. குழிவு ஆரம்பித்துவிட்டது, வழவழப்பான பேட் போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மூன்று வருடம் ஓடும். அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு, போன மழையில் அலுமினியப் பேட்டுக்குள் புதைந்த மினுமினுப்பான துகள்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து மழை என்று சொல்லியிருக்கிறார்கள்.